எங்கள் நாய் அன்று, எம்பெருமான் உடைமை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வீட்டில் நெடுங்காலம் வளர்ந்த நாய் மறைந்தால், அதற்காகக் கண்ணீர் சிந்துவது ப்ரபந்நனுக்குத் தகுமா? அடியார் பலர் வெளியில் கேட்கத் தயங்கும் கேள்வி இது. பூர்வாசார்யர்கள் காட்டிய வழியில் இதனைச் சிறிது சிந்திப்போம்.

முதலில் எச்சரிக்கை. ஸ்ரீவிஷ்ணு புராணம் இரண்டாம் அம்சத்தில் ஜடபரதர் சரிதம் வருகிறது. அரசைத் துறந்து தவமிருந்த பரதர், தாயை இழந்து ஆற்றில் வீழ்ந்த மான்குட்டியை எடுத்து வளர்த்தார். எடுத்துக் காத்தது குற்றமன்று, அது கருணை. 'என் மான்' என்று நெஞ்சில் இறுக்கிக்கொண்டு எம்பெருமானை மறந்ததே குற்றம். உயிர் பிரியும்போதும் மானையே நினைத்தார்; மானாகவே பிறந்தார்.

ஆகவே அன்பை விடவேண்டும் என்பதன்று பொருள். 'என்னுடையது' என்னும் எண்ணத்தை விடவேண்டும் என்பதே. கீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில், அந்தணன், பசு, யானை, நாய் என அனைவரிடத்தும் ஞானியர் ஸமமாகக் காண்பர் என்றான் கண்ணன். ஏற்றத்தாழ்வு உடலைச் சேர்ந்தது, ஞானமே வடிவான ஆத்மாக்கள் யாவும் ஒத்தவையே என்று எம்பெருமானார் அங்கு பாஷ்யமிட்டருளினார்.

இதனை வாழ்ந்து காட்டியவர் பராசர பட்டர். ஒருநாள் திருவரங்கம் பெரியகோயிலுக்குள் நாய் ஒன்று புகுந்தது. கைங்கர்யபரர்கள் லகு ஸம்ப்ரோக்ஷணம் செய்ய முற்பட்டனர். அதைக் கேட்ட பட்டர் பெரிய பெருமாள் திருமுன்பே ஓடிவந்து, நாள்தோறும் தாம் நுழைகையில் செய்யாத சுத்தியை இந்நாய்க்கு மட்டும் செய்வானேன் என்று விண்ணப்பித்தாராம். நாயினும் தம்மைத் தாழ்வாக எண்ணிய நைச்சியம் அது.

இனி, நாய்க்கு நற்கதி உண்டோ எனில், நம்மாழ்வார் திருவாய்மொழி 7-5-1இல் விடையளித்தார். திருவயோத்தியில் வாழ்ந்த புல்லையும் சிற்றெறும்பையும் கூட, அவற்றிடம் ஒரு தகுதியும் பாராமல், இராமபிரான் நற்கதி சேர்த்தான் என்கிறார். அவை நோன்பு நோற்கவில்லை. சரணாகதி வாக்கியம் சொல்லவில்லை. அவன் நாட்டில் கிடந்த ஸம்பந்தம் ஒன்றே போதுமாயிற்று. விலங்காயினும் பறவையாயினும், வைஷ்ணவனைப் பற்றி நின்றது அப்பற்றினாலேயே பரமபதம் சேரும் என்னும் பிரமாணத்தையும் நம் பெரியோர் எடுத்துக்காட்டுவர்.

மதுரையில் எம் இல்லத்து வாசலில் பதின்மூன்று ஆண்டுகள் கிடந்த நாய் ஆயுள் முடிந்தபோது, எமக்குத் தேறுதல் தந்தது இப்பாசுரமே. வங்கியில் பணியாற்றிய நாளில், வாடிக்கையாளர் ஒப்படைத்த நகைப்பெட்டியைக் கண்ணெனக் காப்போம். உரியவர் கேட்கும்போது திருப்பிக் கொடுப்போம். காத்ததனால் பொருள் நமதாகி விடாது. இந்த ஜீவனும் அவ்வாறே. ஸ்வாமி அவன், நாம் சிலகாலம் பாதுகாத்தவர்கள். பிரிவில் நெஞ்சு கனக்கத்தான் செய்யும். ஜடாயுவின் பிரிவுக்குப் பெருமாளே கண்ணீர் விட்டாரன்றோ!

மானாமதுரை அருகே முதியவர் ஒருவர், 2021இல் இறந்த டாம் என்னும் தம் நாய்க்கு, சுமார் 80,000 ரூபாயில் பளிங்குச் சிலை செய்து கோயில் எழுப்பியதை 2022இல் நாளிதழ்கள் எழுதின. அவ்வன்பை நாம் குறைகூறோம். ஆயினும் ப்ரபந்நனுக்கு நாய் தெய்வமும் அன்று, வெறும் மிருகமும் அன்று, நம்மோடொத்த சேஷபூதன். உடன் அடியானை வணங்கிக் கோயில் கட்டவேண்டா. அவனது ஸ்வாமியின் திருநாமத்தைச் சொல்லி மண்ணில் சேர்த்தால் போதும். அதன் நினைவாக, சித்திரை வெயிலில் தெருநாய்களுக்கு வாசலில் ஒரு தொட்டி நீர் வைப்போம். அதுவே பகவானுடைய உடைமைக்கு நாம் செய்யும் கைங்கர்யம்.

தருமபுத்திரரின் இறுதிப் பயணத்தில் மனைவியும் தம்பியரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்த பின்னும், ஒரு நாய் அவரைத் தொடர்ந்து வந்தது. அதைக் கைவிட்டுத் தேரில் ஏறமாட்டேன் என்றார் அவர். உடன்வந்தது தருமதேவதையே என்று பாரதம் காட்டும். ஆனால் நம் கடைசி வழியில் மனைவி மக்கள் மட்டுமன்று, நாயும் உடன்வர இயலாது. அதனாலன்றோ ஆழ்வார், மதுரைக்கு அணித்தான திருமோகூரில் காளமேகப் பெருமாளை வழித்துணையாகப் பற்றினார்! நமக்குத் துணையாகும் அந்த ஆப்தன், நம்மைப் பற்றி நின்ற வாயில்லா ஜீவனையும் வழியில் தனியே விடான் என்று மார்பில் கைவைத்து உறங்கலாம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.