சுவர்களிடம் ஒரு கேள்வி

பழைய வீடு ஒன்றின் முன் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, ‘எவ்வளவு அழகு!’ என்கிறோம். அடுத்து, ‘கட்டியவர் எத்தனை பெரிய செல்வராய் இருந்திருப்பார்!’ என்று வியக்கிறோம். அத்தோடு நமது பார்வை முடிந்துவிடுகிறது. இது போதுமா? பூமியில் நடந்து, முன்னிருந்தோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறும்படித் திருமறை நம்மைப் பன்முறை ஏவுகின்றது. அது ஏவுவது வேடிக்கை பார்க்கும் நடையை அன்று.

இந்த எண்ணத்தோடு ஜித்தா மாநகரின் பழைய பகுதியில் சற்று நடந்து பார்ப்போம். ஹிஜ்ரி 26இல், கி.பி. 647இல், கலீஃபா உதுமான் (ரலி) அவர்கள் அதனைப் புனித மக்காவின் துறைமுகமாக்கினார்கள். அன்று முதல் கடல்வழி வந்த ஹாஜிகள் கால்வைத்த மண் அது. நம் பாட்டனார்களும் கப்பலிலிருந்து இறங்கியது அங்கேதான். இந்தியாவிலிருந்து கடல்வழி ஹஜ்ஜுப் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

வெயில் ஏறுமுன் அலவீ கடைத்தெருவில் நுழைந்தால், இருமருங்கும் உயர்ந்த வீடுகள் ஒன்றன் நிழலை மற்றொன்றின் மீது வீழ்த்தி நிற்பதைக் காணலாம். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கல்லால் ஆன சுவர்கள். அவை பிளவாதபடி இடையிடையே கிடையாகப் பதித்த மரச்சட்டங்கள். ‘ரவாஷீன்’ எனப்படும் மரச்சாளரங்கள் சுவரைவிட்டு முன்னே துருத்தி நிற்கின்றன. உள்ளிருப்போர் காற்றையும் தெருவையும் பெறுவர்; தெருவில் செல்வோர் அவர்களைக் காணமாட்டார். மரமில்லா அந்த மண்ணுக்குத் தேக்கு நமது நாட்டிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் கப்பலேறிச் சென்றது.

இவ்வீடுகளில் பெயர்பெற்றது நஸீஃப் இல்லம். 1872இல் தொடங்கி 1881இல் கட்டிமுடிக்கப்பட்டது. வாசலில் வேப்பமரம் ஒன்று நிற்பதால் ‘மரமுள்ள வீடு’ என்றே அதனை அடையாளம் கூறினர். 1925ஆம் ஆண்டு இறுதியில் ஜித்தா நகர் தம் வசமானபோது, அரசர் அப்துல் அஸீஸ் அவர்கள் தங்கியதும் இவ்வில்லத்திலேயே. அந்தக் குடும்பத்து அறிஞர் முஹம்மத் நஸீஃப் அவர்கள் இங்கே பெரும் நூலகம் ஒன்றைப் பேணினார்கள். அந்நூல்கள் பின்னர் பல்கலைக்கழகத்தின் உடைமையாயின.

நகரின் வீடுகளில் பல ஹஜ்ஜுக் காலத்தில் ஹாஜிகளுக்குத் தங்குமிடமாயின. மொழி தெரியாது வந்திறங்கிய ஏழைக்கு அந்தக் கூரை எத்தனை பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

ஆயினும் நமது நடை இங்கே நின்றுவிடலாகாது. 1183இல் இந்நகருக்கு வந்த ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், வீட்டு மேல்மாடியில் அமைந்த நாணற்குடிலில் தங்கியதைக் குறிக்கிறார். அதே நூலில், ஹாஜிகளிடம் வரியென்னும் பெயரால் நடந்த கொடுமையையும் மனம் கொதித்து எழுதுகிறார். அந்த வரியை நீக்கி, அதற்கு ஈடாக மக்கா அமீருக்குப் பொருளும் தானியமும் அளித்தவர் சுல்தான் சலாஹுத்தீன். விருந்தோம்பலும் சுரண்டலும் ஒரே ஊரில் அடுத்தடுத்து வாழ்ந்திருக்கின்றன. அதுமட்டுமன்று; அடிமைகளை விற்ற சந்தையும் இத்துறைமுகத்தில் இருந்தது. சவூதி நாட்டில் அடிமை முறை ஒழிந்தது 1962இல்தான். செல்வர் மாளிகைகளில் தண்ணீர் சுமந்து மாடியேறியவர்களுள் விலைக்கு வாங்கப்பட்டோரும் இருந்தனர். நகரின் பழைய பகுதி ஒன்றுக்கு ‘மஸ்லூம்’, அநீதி இழைக்கப்பட்டவன், என்றே பெயர். அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருவரின் நினைவு அது என்பர்.

அப்படியானால் இச்சுவர்களை வெறுத்து ஒதுக்குவதா? அதுவும் முறையன்று. சுவர் பாவம் செய்வதில்லை. மறுமையில் பூமி தன் செய்திகளைக் கூறும் என்று நம்புகிற நாம், கல்லைச் சாட்சியாகவே கொள்ள வேண்டும். சாட்சியை அழித்துவிட்டால் வழக்கே மறைந்துபோகும். சாட்சியின் ஆடையழகை மட்டும் புகழ்ந்தாலும் வழக்கு மறந்துபோகும்.

‘வாழ்வோர்க்கே கூரையில்லாதபோது இடிந்த சுவருக்குச் செலவிடுவது வீண்விரயமன்றோ?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். 1947இல் நகரின் மதில் இடிக்கப்பட்ட பின் செல்வர் புதுப்பகுதிகளுக்குப் போய்விட்டனர். விட்டுச்சென்ற வீடுகளில் அயல்நாட்டுத் தொழிலாளர் அறைக்குப் பலராய் ஒண்டினர். சில வீடுகள் சரிந்தன, சில எரிந்தன. 2014இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. செப்பனிடும் பணி இப்போது நடைபெறுகிறது. நல்லதே. ஆனால் செப்பனிட்ட வீட்டைக் காணும்போது, ‘நேற்று இங்கே ஒண்டியிருந்தவர் இன்று எங்கே உறங்குகிறார்?’ என்றும் கேட்கத்தான் வேண்டும். அக்கேள்விக்கு நல்ல விடை இருக்குமானால், செலவு வீணன்று.

இதே அளவுகோலை நம் ஊர்களுக்கும் கொண்டுவருவோம். திண்ணையும் முற்றமும் உள்ள எத்தனையோ பழைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, வாரிசுகள் வெளிநாடுகளில். ‘வாப்பா கட்டிய வீடு சிதறக்கூடாது’ என்று கூறி, உடன்பிறந்தாளின் பங்கைக் கொடாமல் காலங்கடத்தும் சகோதரர்களை நாம் அறிவோம். பெயர் மரபைக் காப்பது. நடப்பதோ அல்லாஹ் விதித்த பங்கை மறுப்பது. அவ்வீட்டுத் தூண் எத்தனை அழகானதாயினும், அதில் அவளது கண்ணீரும் பூசப்பட்டிருக்கிறது.

பங்கை முதலில் கொடுப்போம். அதன்பின் வாரிசுகள் மனமொத்து அவ்வீட்டைக் காத்தால், அது பாராட்டுக்குரியது. மதரஸாவாகவோ நூலகமாகவோ அதனை வக்பு செய்ய முடிந்தால், கட்டியவருக்கும் நன்மை தொடரும். விற்றே தீரவேண்டிய நிலை வந்தால், விற்பதில் பாவமில்லை. இடிந்த வீட்டுக்காக வருந்தலாம். உரிமையிழந்த ஒருவருக்காக வருந்தாத நெஞ்சு, வீட்டுக்காக வருந்துவதில் பொருளில்லை.

ஆகவே, அடுத்த முறை பழைய வீடு ஒன்றின் முன் நிற்கும்போது, ‘இதைக் கட்டியவர் யார்?’ என்பதோடு நில்லாமல், ‘இதற்குள் யாருக்கு இடம் கிடைத்தது, யாருடைய உரிமை தங்கிப்போயிற்று?’ என்றும் கேட்போம். பின்னர் நம் வீட்டுக்குத் திரும்பி, நம் சுவர்களையும் அவ்வாறே கேட்போம். அவற்றுக்கு நேர்மையாக விடைகூறும் வலிமையை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!