கூரைச் சூரியசக்தியும் பரிமாற்ற நீதியும்

வீட்டுக் கூரையில் விளையும் மின்சாரத்துக்குக் கணக்கு எழுதும் முறை வெறும் கட்டண விவகாரமாகத் தோன்றினாலும், ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறும்போது எது எதற்குச் சமம் என்ற மிகப் பழைய அறக்கேள்வி அதன் அடியில் கிடக்கிறது. 2016இல் இலங்கை அரசு ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தைத் தொடங்கியபோது வீட்டார் முன் மூன்று வழிகளை வைத்தது. ‘நெட் மீட்டரிங்’ முறையில், மின்தொகுப்புக்கு அனுப்பிய அலகுகள் அங்கிருந்து எடுத்த அலகுகளில் கழிக்கப்படும். மிஞ்சியவற்றுக்குப் பணம் கிடையாது, அவை அடுத்த மாதக் கணக்கில் வரவாகச் சேரும். ‘நெட் அக்கவுண்டிங்’ முறையில் கழிவு அவ்வாறே நடந்து, மிஞ்சிய அலகுக்கு முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாயும் அடுத்த 13 ஆண்டுகள் 15.50 ரூபாயும் கிடைக்கும். ‘நெட் பிளஸ்’ முறையில் விளைந்தது முழுவதும் விற்பனையாகிவிடும். வீட்டில் செலவானதற்கு எல்லோரையும்போலத் தனிப்பட்டியல் வரும்.

முதல் முறையின் கவர்ச்சி அதன் எளிமையில் இருக்கிறது. அண்டை வீட்டில் ஒரு படி அரிசி கைமாற்றாக வாங்கியவர், இடையில் விலை ஏறினாலும் இறங்கினாலும், அதே ஒரு படியைத் திருப்புவதுபோல, இங்கும் அலகுக்கு அலகு ஈடாகிறது. அளந்தோ எண்ணியோ கொடுக்கத்தக்க பொருளைப் பெற்று, அதே இனத்தை அதே அளவில் திருப்பும் இத்தகைய கடனை உரோமானியச் சட்டம் ‘மூத்துவம்’ என்று தனியாக வகுத்திருந்தது. ஆனால் அரிசி பானையில் காத்திருக்கும். மின்சாரமோ, சேமகலத்தில் தேக்கினாலன்றி, பிறந்த கணத்திலேயே செலவாக வேண்டியது. நண்பகலில் கூரை தந்த அலகு அப்போதே பக்கத்து வீட்டு மின்விசிறியில் தீர்ந்துவிட, தேவை உச்சத்தைத் தொடும் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான வேளையில் இலங்கை மின்சார சபை திருப்பித் தரும் அலகு நீர்த்தேக்கத்திலிருந்தோ எரியும் எண்ணெயிலிருந்தோ வருகிறது. மானி இரண்டையும் ஒன்றென எண்ணுகிறது. அவற்றை ஆக்குவதற்கான செலவு ஒன்றன்று.

இந்த இடர்ப்பாட்டை இஸ்லாமிய மரபு பேரீச்சம்பழத்தை வைத்து ஆராய்ந்திருக்கிறது. நபித்தோழர் பிலால் அவர்கள் மட்டமான பழத்தில் இரண்டு ‘ஸாஉ’ (முகத்தலளவை ஒன்று) கொடுத்து உயர்ந்த பழத்தில் ஒரு ஸாஉ பெற்றதை நபிகள் நாயகம் வட்டியென்றே கண்டித்து, மட்டமானதை விற்று அந்தப் பணத்தில் நல்லதை வாங்கும்படி கூறியதாக நபிமொழித் தொகுப்புகள் சொல்கின்றன. இவ்விதி மின்சாரத்துக்குப் பொருந்துமா என்பது சட்ட அறிஞர்களின் ஆய்வுக்குரியது. எனினும், ஓரினப் பொருள்களை நேரடியாக மாற்றும்போது மறைந்து நிற்கும் தரவேறுபாடு, இடையில் விலை நுழைந்ததும் வெளிப்படும் என்ற தருக்கம் இங்கும் செல்லும். அவ்வகையில் நெட் பிளஸ் தெளிவான ஏற்பாடு. ஆயினும் அது எல்லை மீறவும் செய்கிறது. தன் கூரையில் விளைந்து தன் வீட்டிலேயே தீர்ந்த மின்சாரம் எவருடனும் நடந்த பரிமாற்றமன்று. அதையும் விற்றதாக எழுதி மறுபடி வாங்கச் செய்வதற்குக் கணக்கு வசதியைத் தவிர வேறு நியாயம் காண்பது அரிது.

அரிஸ்டாட்டில் பரிமாற்றத்தில் பேணவேண்டிய நீதியையும், பொதுப்பொருளைப் பங்கிடுவதில் பேணவேண்டிய நீதியையும் வேறுபடுத்தினார். இலங்கையின் படிநிலைக் கட்டணத்தில் இவ்விரண்டும் பின்னிக் கிடக்கின்றன. திட்டம் தொடங்கிய காலத்தில் குறைவாகப் பாவிக்கும் வீடுகளின் முதல் 30 அலகுகளுக்குத் தலா 2.50 ரூபாயும், 180க்கு மேற்பட்ட அலகுகளுக்குத் தலா 45 ரூபாயும் அறவிடப்பட்டன; குறைவாகப் பாவிப்போரின் சலுகையில் ஒரு பகுதியை மிகுதியாகப் பாவிப்போரே சுமந்தனர். நெட் மீட்டரிங்கில் முதலில் கழிவது அந்த உச்சப்படி அலகுகளே என்பதால், நெட் பிளஸ்ஸில் 22 ரூபாய் பெறும் அதே அலகு இங்கே 45 ரூபாயை மிச்சப்படுத்தியது. 2022 ஆகஸ்டில் உச்சப்படி 75 ரூபாயானபோது இடைவெளி மேலும் விரிந்தது. பெரிய வீடுகள் இவ்வாறு விலகும்போது சுருங்குவது, வாடகை அறையில் இருப்போரும், தாம் வாழும் கூரைக்கே உரிமையற்ற மலையகத் தோட்டங்களின் லயன் அறைக் குடும்பங்களும் பெறும் சலுகைக்கான நிதி. இதற்காகக் கூரையுடையவரைக் குறை சொல்வது பொருந்தாது. பங்கீட்டு நீதியை அலகின் விலைக்குள் ஒளித்துவைத்தது கட்டணத்தை வகுத்தவர்களின் செயல்.

பரிமாற்றத்தைப் பிணைத்து நிறுத்துவது தேவையே என்பதும் அரிஸ்டாட்டிலின் கருத்து. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை மிகவும் தாழ்ந்தபோது, கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது; அந்த நேரத்து அலகு தொகுப்புக்குப் பயனற்றது மட்டுமன்றி, அதன் சமநிலைக்கே பாரமாகவும் இருந்தது. அதற்கும் ஒப்பந்த விலை கொடுப்பது தேவையை அளவுகோலாகக் கொண்டால் தவறு, வாக்கை அளவுகோலாகக் கொண்டால் கடமை. இவ்விரண்டில் வாக்கே முந்தி நிற்கத் தக்கது. 20 ஆண்டு உறுதியை நம்பிக் கடன்பட்டுச் சூரியப் பலகை பொருத்தியவரிடம் நேரத்துக்கேற்ற விலையை இடைநடுவில் திணிக்க இயலாது, இனிமேல் கையொப்பமிடுவோரிடமே அதைக் கேட்கலாம்.