பெரிய உடையாரின் குலம்

வைணவப் பெரியோர் சடாயுவைப் 'பெரிய உடையார்' என்றே போற்றுவர். இராமபிரான் மகன் நிலையில் நின்று அவருக்கு ஈமக்கடன் செய்தருளிய தலமாகத் திருப்புட்குழி வழங்கப்படுகிறது. அக்குலம் இன்று அருகிவிட்டது. பாரதத்தின் வெண்முதுகுக் கழுகுகளில் 100க்கு 99க்கும் மேற்பட்டவை 1992க்கும் 2007க்கும் இடையே மறைந்தன. மயிலுக்கு இது நேர்ந்திருப்பின் நாடே அழுதிருக்கும்.

இராவணன் வாள் வீழ்த்தியது ஒருவரை. குலத்தையே வீழ்த்தியதோ பசுவின்மீது மக்கள் வைத்த பரிவு. வலி தணியச் செலுத்திய டைக்ளோஃபெனாக் மருந்து, மாண்ட பசுவின் ஊனில் தங்கி, அதனை உண்ட கழுகுகளின் சிறுநீரகத்தைப் பழுதாக்கியது. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை இவ்விழப்பை எங்ஙனம் ஈடுசெய்யும்?

அறியாது செய்த கொலை பாவமாகுமோ? காரணம் 2004-ல் உலகறிய வெளிவரும் வரை, பரிவோடு மருந்திட்டவனைப் பழித்தல் தகாது. 2006-ல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. கழுகுக்குத் தீங்கிழைக்காத மெலாக்ஸிகமும் கிடைத்தது. அதன் பின்னரும் மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குச் செலுத்தினரே, அவர்க்கு அறியாமை என்னும் போர்வை பொருந்துமோ? 2015-ல் குப்பியின் அளவையே 3 மில்லியாகக் குறைக்க வேண்டியதாயிற்று.

அரியானாவின் பிஞ்சூரில் கழுகுகளைக் கூண்டில் பேணிக் குஞ்சு பொரிக்கச் செய்கின்றனர். தமிழகத்தில் மோயாற்றங்கரை நீர்மருத மரங்களில் அவை இன்றும் கூடு கட்டுகின்றன.