ஜாமீன் நில்லாதவன் கடன் கட்டலாமா?



சர்க்கார் ஒரு திட்டம் போட்டால் அதற்குப் பணிந்து போவதே நல்ல குடிமகனுக்கு அழகு என்பார் ஒரு சாரார். பிடிக்காத எதையும் எதிர்த்துக் கிளம்புவது நம் உரிமை என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டில் எது சரி? பொதுப்படையாகப் பேசிக்கொண்டிருந்தால் முடிவே வராது. ஆகையால் நடந்த ஒரு காரியத்தைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்போம்.

லண்டன் மாநகரின் தென்கிழக்கே லூவிஷாம் என்றொரு பகுதி. அங்குள்ள ஆஸ்பத்திரி, 1948-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி பிரிட்டனில் தொடங்கிய தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்தது. வரிப்பணத்தில் நடப்பது. நோயாளி சிகிச்சைக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை. வரவு செலவை ஒழுங்காக நடத்திவந்த ஆஸ்பத்திரி அது.

பக்கத்து வட்டாரங்களில் மூன்று ஆஸ்பத்திரிகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன. அவற்றில் இரண்டு, தனியார் முதல் போட்டுக் கட்டியவை. கட்டிடம் உடனே கிடைத்துவிடும். தவணையோ பல பத்து வருஷங்களுக்குத் தொடரும். அந்தச் சுமை பெருகி, வாரத்துக்குப் பத்து லட்சம் பவுனுக்கு மேல் நஷ்டம் வந்தது. 2012 ஜூலையில் சர்க்கார் அந்த நிர்வாகத்தைச் சீர்படுத்த ஒரு தனி அதிகாரியை நியமித்தது. அவர் கூறிய பரிகாரம் யாது? லூவிஷாம் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவைச் சுருக்குவது, பிரசவப் பிரிவைக் குறைப்பது, அதன் நிலத்தில் பெரும் பகுதியை விற்பது!

கடைத்தெருவில் இருக்கிற நமக்கு இது எளிதில் விளங்கும். பக்கத்துக் கடைக்காரர் வட்டிக்கு வாங்கி நொடித்துப் போகிறார். கடன்காரன் வந்து, ஜாமீன் கையெழுத்துப் போடாத நம் கடையின் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போகிறான். இதை எந்தப் பஞ்சாயத்து ஒப்புக்கொள்ளும்?

ஆனால் எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பதுதான் நியாயம். சிறந்த டாக்டர்களைச் சில ஆஸ்பத்திரிகளில் ஒன்று சேர்த்தால் அதிக உயிர்கள் பிழைக்கும் என்றது சர்க்கார். இது வெறும் சாக்கு அல்ல. அதே லண்டனில், சுமார் முப்பது ஆஸ்பத்திரிகளில் சிதறிக் கிடந்த பக்கவாத அவசர சிகிச்சையை 2010-ல் எட்டு நிலையங்களில் சேர்த்தார்கள். இறப்புக் குறைந்தது. ஆகவே ஒரு பிரிவை மூடுவதெல்லாம் அநியாயம் என்று சொல்வதற்கில்லை.

பின் வேறுபாடு எங்கே? யோசனை எங்கிருந்து புறப்பட்டது என்பதில்தான். பக்கவாத ஏற்பாடு நோயாளியிலிருந்து தொடங்கியது. லூவிஷாம் ஏற்பாடு கடன் பேரேட்டிலிருந்து தொடங்கியது. பேரேட்டைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, அதற்கு நோயாளியின் பெயரைச் சூட்டுவது நேர்மையாகாது.

அவ்வூர் மக்கள் வாளாவிருக்கவில்லை. 2012 நவம்பரிலும் 2013 ஜனவரியிலும் டாக்டர்களும் நர்சுகளும் தாய்மார்களும் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். மில்வால் கால்பந்துக் கழகமும் துணை நின்றது. இருந்தும், சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட் ஜனவரி 31-ந் தேதி சில மாற்றங்களுடன் அத்திட்டத்தை ஏற்றார். இயக்கத்தாரும் லூவிஷாம் நகராட்சியும் வழக்குத் தொடுத்தனர். ஜூலை 31-ல் உயர் நீதிமன்றம், நொடித்த நிர்வாகத்துக்காகக் கொடுத்த அதிகாரத்தை அடுத்த ஆஸ்பத்திரிமேல் செலுத்த அமைச்சருக்கு உரிமையில்லை என்று தீர்ப்பளித்தது. அக்டோபரில் அப்பீல் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

கதை இத்துடன் முடியவில்லை. 2014-ல் சர்க்கார் சட்டத்தையே திருத்தி, இல்லாதிருந்த அந்த அதிகாரத்தைச் சேர்த்துக்கொண்டது. அப்படியானால் பட்ட பாடெல்லாம் வீண்தானா? இல்லை. லூவிஷாமின் அவசரப் பிரிவும் பிரசவப் பிரிவும் நிலைத்தன. அதுமட்டுமல்ல, அதிகாரம் வேண்டுமென்றால் பார்லிமெண்டில் பகிரங்கமாகக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. யார் கை தூக்கினார் என்பது ஊருக்குத் தெரிந்தது. தெரியாமல் எடுப்பதற்கும், கேட்டு எடுப்பதற்கும் உள்ள தூரம் சிறிதன்று.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. கடன்பட்ட மூன்றில் ஒன்றான ஊல்விச் ஆஸ்பத்திரி, 2013 அக்டோபரில் லூவிஷாமுடன் ஒரே நிர்வாகத்தில் இணைந்தது. அயலானின் பாரத்துக்குத் தோள் கொடுப்பது வேறு; அவன் கடனுக்காக நம் கையை வெட்டக் கொடுப்பது வேறு.

இதிலிருந்து நாம் பெறும் அளவுகோல் என்ன? "என் தெரு ஆஸ்பத்திரியை விட்டுவிடு, அடுத்த தெருவில் மூடிக்கொள்" என்பது நியாயம் கேட்பதல்ல, சுயநலம். நமக்குக் கேட்பதையே அயலானுக்கும் கேட்கத் துணிந்தவனுடைய குரலுக்கே கனம் உண்டு. அதோடு கணக்கைப் படிக்க வேண்டும். படிக்காமல் கூச்சலிடுகிறவனை அதிகாரி எளிதில் வென்றுவிடுவார்.

பொது ஆஸ்பத்திரி என்பது அமானிதம். ஆள்பவர் அதற்கு உடைமைக்காரர் அல்லர், காவலர். காவலரிடம் கணக்குக் கேட்பது பகையாகாது. கேட்காமல் இருந்துவிட்டு, நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கதவு பூட்டிக் கிடக்கிறதே என்று அழுவதில் பயனில்லை. கேட்க வேண்டிய நேரம் கதவு திறந்திருக்கும்போதுதான்.