ஆடு பெரிய பிராணி, நாய் சின்னப் பிராணி!

‘‘நாய்க்கு டயாலிசிஸா? மனுசனுக்கே கெடைக்காம அலையிறான்... இதெல்லாம் கொழுப்புண்ணே!’’

மதுரையில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் பேச்சை எடுத்தாலும் முதல் பதில் இதுவாகத்தான் இருக்கும். சொல்பவர் கல் நெஞ்சக்காரர் இல்லை. பெரியாஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்த அனுபவம் பேசுகிறது. அதனால் அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க முடியாது.

சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் நாய்களுக்கு டயாலிசிஸ் செய்கிறார்கள். நாய்களுக்கென்று ரத்த வங்கியும் இருக்கிறது. 1903-ல் 20 மாணவர்களோடு ஆரம்பித்த கல்லூரி அது. அந்தக் காலத்தில் கால்நடை வைத்தியம் என்றால் முக்கியமாகக் குதிரையும் மாடும்தான். இன்றைக்கு நாய், பூனைகளின் கிட்னி, ஈரல், இதயம், சர்க்கரை என்று உள்நோய்களுக்காகவே வாழ்நாளைக் கொடுக்கிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பி.வி.எஸ்சி. ஐந்தரை வருஷம், எம்.வி.எஸ்சி. இரண்டு வருஷம், பிஎச்.டி. மூன்று வருஷம். முடித்து நிமிர்வதற்குள் முப்பது வயது நெருங்கிவிடும். அதற்குப் பிறகு ஒரு முப்பது வருஷம் பாடம் எடுக்க வேண்டும், ஓ.பி. பார்க்க வேண்டும், ஆராய்ச்சி மாணவர்களை மேய்க்க வேண்டும்.

இத்தனையும் ஒரு நாயின் கிட்னிக்காகவா? நியாயமா சார் இது?

டீக்கடை நண்பருக்கு முதலில் ஒரு தகவல். அமெரிக்காவில் ஜான் ஜேக்கப் ஏபெல் என்பவரும் அவருடைய சகாக்களும் 1913-ல் செயற்கை சிறுநீரகத்தை முதன்முதலாக இயக்கிக் காட்டினார்கள். யாருக்கு? உயிரோடு இருந்த நாய்களுக்கு! மனிதனுக்கு அந்த வசதி வந்தது ரொம்பப் பின்னால்தான். இன்சுலினும் அப்படியே. 1921-ல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையம் எடுக்கப்பட்ட நாய்களை வைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். நம் வீட்டுப் பெரியவர் காலையில் தொடையில் குத்திக்கொள்ளும் ஊசிக்குப் பின்னால் பெயர் தெரியாத நாய்கள் வரிசையாக நிற்கின்றன.

‘ஆகவே நாம் கடன்பட்டிருக்கிறோம், அதைத் திருப்பித் தருகிறோம்’ என்று இதோடு கட்டுரையை முடித்துவிடலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. செத்தது டொரன்டோ நாய். வைத்தியம் கிடைப்பது அண்ணா நகர் லாப்ரடாருக்கு. கடன் கொடுத்தவன் ஒருத்தன், வசூல் பண்ணுகிறவன் இன்னொருத்தன். பி.காம். படித்த எனக்கு அந்தக் கணக்கு இடிக்கிறது.

கணக்கு என்றதும் இன்னொன்று. கால்நடை மருத்துவத்தில் ‘ஸ்மால் அனிமல்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சின்னப் பிராணி. உருவத்தை வைத்து வந்த பெயர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அறுபது கிலோ கிரேட் டேன் நாயைக் கூட்டிப் போனால் சின்னப் பிராணி ஓ.பி.க்கு அனுப்புவார்கள். இருபத்தைந்து கிலோ வெள்ளாட்டை இழுத்துப் போனால் பெரிய பிராணி பக்கம் போகச் சொல்வார்கள்! அப்படியானால் இந்தக் கோடு தராசு பார்த்துப் போட்டது இல்லை. லெட்ஜர் பார்த்துப் போட்டது.

ஆடு, மாடு சொத்து. கம்பெனிக் கணக்கில் கால்நடைகளை ‘உயிருள்ள சொத்து’ என்று தனித் தலைப்பில் காட்டவே விதி இருக்கிறது. மேலூர்ப் பக்கம் ஒரு சம்சாரியின் பசு படுத்துவிட்டால் அவர் மனசுக்குள் ஒரு கூட்டல் கழித்தல் ஓடும். வைத்தியச் செலவு இவ்வளவு, மாட்டின் விலை இவ்வளவு, இனி கறக்கப்போகும் பால் இவ்வளவு. செலவு தாண்டினால் சந்தைக்கு ஓட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. நாய்க்கு அந்தக் கூட்டல் கழித்தலே கிடையாது. தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாயின் சந்தை விலை பூஜ்யம். பூஜ்யத்தோடு எந்தச் செலவை ஒப்பிட்டாலும் நஷ்டம்தான். ஆக, ‘எவ்வளவு வரை செலவழிக்கலாம்?’ என்ற கேள்விக்கு மார்க்கெட் பதில் சொல்லாது. மனசுதான் சொல்ல வேண்டும்.

(எங்கள் ஊர் இந்தக் கோட்டை அழகாகக் குழப்பிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை வைத்திருப்பவரிடம் போய் லாப நஷ்டம் கேட்டுப் பாருங்கள், முறைப்பார். அது செத்தால் மாலை போட்டு, மேளம் அடித்து, வீட்டு மனுஷனைப் போல அடக்கம் செய்கிற ஊர் இது. சொக்கநாதரே தாயில்லாத பன்றிக்குட்டிகளுக்குத் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தார் என்று திருவிளையாடல் சொல்லும் மண்ணாச்சே!)

சரி, இந்த இடத்தில் பேராசிரியருக்கு என்ன வேலை? இயந்திரம் வைத்திருப்பது பெரிய விஷயமில்லை. யாருக்கு அது வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரிப்பதுதான் அவர் முப்பது வருஷமாகப் படித்தது.

அதுவும் லேசுப்பட்டதல்ல. நோயாளி பேசாது. கூட வருபவர் பேசுவார், ஆனால் முழுசாகச் சொல்ல மாட்டார். ‘‘வெறும் தயிர்சாதம்தான் சார்’’ என்பார். எக்ஸ்ரேயில் மட்டன் எலும்பு தெரியும். நாய் சோர்ந்து கிடக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது, சிறுநீர் காபி நிறத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் வெயிலுக்குக் கொழிக்கும் உண்ணியால் வந்த ரத்த நோயாக இருக்கலாம். ராத்திரி மிச்சமான சால்னாவாகவும் இருக்கலாம்! வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பது புரோட்டா தலைநகரமான மதுரையில் எத்தனை பேருக்குத் தெரியும்? கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு மைக்ரோஸ்கோப், ஒழுங்கான நாலு கேள்வி. இவ்வளவு போதும், இரண்டையும் பிரித்துவிடலாம். உண்ணி நோயில் ஒரு வகைக்குச் சாதாரண டாக்சிசைக்ளின் மாத்திரையை நாலு வாரம் கொடுத்தால் போதும். பெரிய படிப்பு எல்லா நேரமும் பெரிய பில்லாகத்தான் முடியும் என்பதில்லை.

கிட்னிக்கு வருவோம். இரண்டு நாய்கள். இரண்டுக்கும் ரத்தத்தில் கிரியாட்டினின் தாறுமாறாக ஏறியிருக்கிறது. பரிசோதனைக் காகிதத்தில் ஒரே எண். ஒன்று மூன்று வயசு, மழைத்தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து, அதன் மூலம் எலிக்காய்ச்சல் வந்த நாய். அதற்கு டயாலிசிஸ் ஒரு பாலம். சில தடவை செய்து தாங்கிப் பிடித்தால் கிட்னி தானாகத் தேறிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. இன்னொன்று பதிமூன்று வயசு, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்னி சுருங்கிப்போன நாய். அதற்கு அக்கரை இல்லாத பாலம். போய்க்கொண்டே இருக்கலாம், இறங்க இடமில்லை. முதல் நாயைக் கைவிட்டால் அது செலவுக்குப் பயந்த முடிவு. இரண்டாவது நாயை விடாமல் இழுத்தால் அது நம் அழுகைக்குப் பயந்த முடிவு. எண்ணைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. படித்தவன்தான் சொல்ல வேண்டும்.

இதில் கால்நடை டாக்டருக்கு மட்டும் ஒரு அதிகாரம் இருக்கிறது. வலி பொறுக்காமல் துடிக்கும் நோயாளியை ஊசி போட்டு அனுப்பிவைக்கலாம். மனித டாக்டருக்கு அது கிடையாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்ததுகூட, மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்திக்கொள்வதைத்தான். ஊசி போடுவதை அல்ல.

‘கருணைக் கொலை’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யார் மேல் கருணை? நோயாளி மேலா, பில் கட்டுகிறவர் மேலா? விருதுநகர்ப் பக்கக் கிராமங்களில் ‘தலைக்கூத்தல்’ என்று ஒன்று உண்டு. படுத்த படுக்கையான பெரியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்துக் கதையை முடிப்பது. அங்கேயும் ‘பாவம், கஷ்டப்படுறாக’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெரியவரைக் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். கணக்கும் கருணையும் ஒரே பாத்திரத்தில் கலந்துவிட்டால் அப்புறம் பிரிப்பது கஷ்டம். நாய் விஷயத்தில் மட்டும் அது சுலபம் என்று நான் நம்பத் தயாரில்லை.

இன்னொரு சங்கடம். வழி இல்லாதவரை எல்லாம் விதி. நாய் செத்தால் அழுதோம், புதைத்தோம், மனசு ஆறியது. இப்போது வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அது வேப்பேரியில் இருக்கிறது. மதுரையிலிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற்றலாம் என்றால், ஒன்று முதல் வகுப்பில் கூபே முழுவதையும் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் நாய்க்கூண்டு. வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் நாயை ராத்திரி முழுக்க அதில் தனியாகப் போடவா? பக்கத்தில் தேனியில் 2020-ல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, வாஸ்தவம்தான். அது வேப்பேரி அளவுக்கு வளரும்வரை சம்பளக்காரர் ஒருவர் செய்யாமல் விட்டதற்கெல்லாம் குற்ற உணர்ச்சியைச் சுமப்பார். விஞ்ஞானம் வைத்தியத்தோடு இதையும் இலவச இணைப்பாகக் கொடுக்கிறது.

‘அதுக்குப் பேசாம ஒண்ணும் தெரியாமலே இருக்கலாமே?’ என்று கேட்பீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரியாமல் இருந்தால் அந்த மூன்று வயசு நாயும் போயிருக்கும். எலிக்காய்ச்சலுக்கு வருஷம் ஒருமுறை தடுப்பூசி உண்டு, டயாலிசிஸ் செலவோடு பார்த்தால் தூசு என்பதும் நமக்குத் தெரிந்திருக்காது.

நம் நாட்டில் பல கால்நடைக் கல்லூரிகளில் இந்தத் துறையின் பெயர்ப்பலகை கொஞ்சம் நீளம்: ‘கிளினிக்கல் மெடிசின், எதிக்ஸ் அண்ட் ஜூரிஸ்ப்ரூடன்ஸ்.’ வைத்தியம், அறம், சட்டம் மூன்றும் ஒரே பலகையில். எம்.பி.பி.எஸ்.ஸில் இந்த அறமும் சட்டமும் வழக்கமாக வருவது தடயவியல் பாடத்தில், அதாவது போஸ்ட்மார்ட்டம் பக்கம்! பலகை எழுதியவர் யோசித்து எழுதினாரோ என்னவோ, நோயாளி ஒருவர், முடிவு எடுப்பவர் இன்னொருவர் என்கிற தொழிலுக்கு அந்தப் பெயர் பொருந்தித்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மோசமான கேஸ் வந்தால் சொந்தக்காரரிடம், ‘‘தம்பி, போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க’’ என்று வெளியே அனுப்பிவிடுவார். அப்புறம் சுற்றி நிற்கும் மாணவர்களிடம் கேட்பார்: ‘‘காசை மறந்துடுங்க. இந்த நாய்க்கு இப்ப என்ன வேணும்?’’

ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சிலர் டயாலிசிஸ் என்பார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு ஊசி என்பார்கள். ஏன் என்று காரணமும் சொல்ல வேண்டும். அது முடிந்த பிறகுதான் கதவைத் திறந்து அந்தப் பையனை உள்ளே கூப்பிடுவார்.

‘‘உட்காருங்க தம்பி. இப்ப செலவைச் சொல்றேன்...’’