பெயர் எழுதும் முன்

2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்துக்குள் தப்பி வந்தார்கள். காக்ஸ் பஜார் குன்றுகளில் மூங்கிலும் தார்ப்பாயுமாக எழுந்த அந்த முகாம்களில், நடக்க முடியாத பிள்ளை வெளியே வருவதென்றால் யாராவது மண்படிகளில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். குழாயடியிலும் அது கண்ணில் படாது, பாடம் நடக்கும் கொட்டகையிலும் படாது. அதனால் கழிப்பறை கட்டுகிறவர் கணக்கிலும் வராது. இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கணக்கெடுக்கத்தான் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, நெருக்கடிக் காலப் பாதுகாப்பையும் (பிரிவு 11) புள்ளிவிவரம் திரட்டுவதையும் (பிரிவு 31) அரசுகளின் கடமையாக்கியிருக்கிறது. எப்படி எடுப்பது, எடுத்தவருக்கு என்ன கடமை என்பதில்தான் சிக்கல்.

யூனிசெஃபும், ஊனம் பற்றிய புள்ளிவிவரங்களுக்கான வாஷிங்டன் குழுவும் 2016இல் வெளியிட்ட கேள்வித்தொகுப்பு, ஊனம் உண்டா என்று கேட்பதில்லை. பார்க்க, கேட்க, நடக்கச் சிரமம் உண்டா, கொஞ்சமா, அதிகமா, முடியவே முடியாதா என்று தாயிடம் விசாரிக்கிறது. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி மறைக்க நினைக்கும் தாயும் இதற்கு வாய் திறப்பாள். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அதில் ஒரு கேள்வி வருகிறது: சமதரையில் நூறு மீட்டர், அதாவது ஒரு கால்பந்து மைதான நீளம், நடக்கச் சிரமப்படுகிறதா? குன்றுச்சரிவில் குடியிருப்பவள் அந்தச் சமதரைக்கு எங்கே போவாள்? விட்டு வந்த ஊரில் பிள்ளை நடந்ததை நினைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பாள். அவளை அப்படிக் காத்திருக்க வைத்ததற்குக் கேட்டவர்தான் பொறுப்பு.

பட்டியல் கொல்லவும் செய்திருக்கிறது. 1939 ஆகஸ்ட் 18 அன்று ஜெர்மானிய உள்துறை அமைச்சகம், கடும் குறைபாடுள்ள மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் தகவல் தர வேண்டும் என உத்தரவிட்டது. பிள்ளையை நேரில் பார்க்காமல், வந்த படிவத்தை மட்டும் பார்த்து நிபுணர்கள் மூவர் சாவைத் தீர்மானித்தார்கள். வியன்னாவின் ‘ஆம் ஷ்பீகல்குரூண்ட்’ மருத்துவமனையில் மட்டும் 789 பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அது பழங்கதை என்று ஆறுதலடைய முடியாது. முகாமில் ஐ.நா. அகதிகள் முகமை திரட்டிய ரோஹிங்யாக்களின் விவரங்கள், முறையான சம்மதமின்றி, வங்கதேசம் வழியாக மியான்மர் அரசுக்கே போய்விட்டன என்று 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் குற்றஞ்சாட்டியது. சம்மதம் கேட்டுத்தான் பகிர்ந்ததாக அந்த முகமை சொன்னது. உதவிப் பொருளுக்கு அந்தப் பதிவை நம்பியிருப்பவர் ‘சரி’ என்று தலையாட்டினால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியுமா?

ஆகவே எண்ணிக்கையையும் பெயரையும் பிரித்தே பார்க்க வேண்டும். எத்தனை சாய்தளம், கைப்பிடி வைத்த எத்தனை கழிப்பறை என்று திட்டமிடப் பெயர் தேவையில்லை, மாதிரிக் கணக்கெடுப்பு போதும். அதை உதவி கையில் இல்லாதபோதும் செய்யலாம், ஏனென்றால் கணக்கு இல்லை என்பதே நிதி ஒதுக்காதவர்களுக்குச் சாக்காகிறது. பெயரையும் குடிசை எண்ணையும் கேட்பது அப்படியல்ல. சக்கர நாற்காலியோ காதுக் கருவியோ கொடுக்க ஆளும் பொருளும் தயாரான பிறகே கேட்பது நியாயம். இதில் இழப்பு இல்லாமல் இல்லை. பெயர் குறிக்காததால், தொடக்கத்திலேயே உதவி சேர்ந்திருக்க வேண்டிய ஒரு பிள்ளை விடுபட்டுப்போகலாம். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் டேப்லெட்டுக்கும் அதே பதிலைச் சொல்லி ஒன்றுமே கிடைக்காத தாய், அடுத்து வருகிறவரிடம் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிடுவாள். அவர் கையில் உண்மையிலேயே நாற்காலி இருந்தாலும் அது அந்தக் குடிசைக்குள் போகாது.