ஆற்றுவாயில் கேட்ட மணி



கடலில் ஆபத்து எங்கே அதிகம் என்று நமது கரையோரப் பங்குகளில் ஒரு சிறு பிள்ளையைக் கேட்டாலும் சரியான விடை வரும். ஆழக்கடலில் அன்று, வீட்டுக் கூரை தெரிகிற இடத்திலேதான். கோவிற் கோபுரத்துச் சிலுவை கண்ணுக்குத் தெளிவாகப் படுகிற இடத்திலேதான். இரவு முழுவதும் காற்றோடு மல்லாடித் தப்பியவன், விடிந்தபின் ஆற்றுவாயில் மாண்டுபோகிறான்.

கடற்கரை அறியாத வாசகருக்காகச் சற்று விளக்கமாகச் சொல்லுகிறேன். நாயாறு, கொக்கிளாய், மட்டக்களப்பு முதலிய இடங்களிற் களப்பு நீர் கடலோடு கலக்கும் வாய் ஒன்று உண்டு. கோடையிற் கடல் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி அந்த வாயை அடைக்கும். மாரியில் வெள்ளம் நிரம்பி மணலை உடைத்துக்கொண்டு பாயும். வயல் மூழ்கிவிடும் என்று அஞ்சி ஆட்களே வெட்டிவிடுவதும் உண்டு. உடைந்த மணல் வெகுதூரம் போய்விடுவதில்லை. வாய்க்கு முன்னாலேயே நீருக்கடியில் திட்டாகப் படிந்துவிடும். ஆழத்திலிருந்து வரும் அலை அந்தத் திட்டிலே கால் தடக்கி எழும்பி உடைகிறது. நேற்றுப் போன வழி இன்றைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் திட்டு மட்டுமே குற்றவாளி அன்று. களப்பிலிருந்து நீர் கடலை நோக்கி வேகமாக ஓடும் நேரத்தில், எதிரே வரும் அலைகள் நெருங்கி நெருங்கி, குத்தென நிமிர்ந்து, மதிலைப் போல நிற்கும். கடல் பெருகி உள்ளோட்டம் தணிந்திருக்கும் வேளையில் அதே திட்டு, அதே அலை, ஆனால் கடந்துவிடலாம். அலையை எழுப்புவது கடல் மாத்திரமன்று; கரைப்பக்கத்திலிருந்து ஓடுகிற நீரும் அதை எழுப்புகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

அனுபவமுள்ள ஓட்டி உள்ளே வருமுன் வாய்க்கு வெளியே படகை நிறுத்துவான். தேங்கிய தண்ணீரை இறைப்பான். வலையையும் மீன் பெட்டிகளையும் அசையாமற் கட்டுவான். எண்ணெய் போதுமா என்று பார்ப்பான். திட்டின்மேல் எஞ்சின் நின்றால் கதை முடிந்தது. எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கியை மாட்டச் சொல்லுவான். (அந்த அங்கி எத்தனை வீடுகளிலே தலையணையாகக் கிடக்கிறது என்பதை வீடு மந்திரிக்கப் போகும் எனக்குத் தெரியும். இதையெல்லாம் பத்திரிகையிற் பிரசங்கம் பண்ண வேண்டுமா என்று கேட்பவர்கள் கடலில் மாண்ட ஒருவரின் அடக்கப் பூசைக்கு வந்து பார்க்கட்டும்.) பிறகு அலைகளைப் பார்ப்பான். பெரிய அலைகள் கூட்டமாக வரும். அவற்றின் பின் சிறிது தணிவு வரும். பத்து நிமிடமோ, ஒரு மணி நேரமோ, அந்தத் தணிவு தெரியுமட்டும் காத்திருப்பான். தெரிந்ததும் ஓர் அலையின் முதுகிலே படகை வைத்து அதனோடு வருவான். முந்தி அதன் முகத்தில் இறங்கினால் அணியம் நீரிலே குத்தும், படகு குறுக்கே திரும்பும், கவிழும். பிந்தினால் அடுத்த அலை பின்புறத்தால் ஏறி எஞ்சினை மூழ்கடிக்கும். நடுவழியில் மனம் மாறித் திருப்ப நினைப்பவனுக்கும் அதே முடிவுதான்.

இன்னொன்றும் உண்டு. கடற்பக்கமிருந்து பார்ப்பவனுக்கு உடைகிற அலையின் முதுகு மட்டுமே தெரியும்; முகம் தெரியாது. ஆகவே உண்மையில் இருப்பதிலும் வாய் அமைதியாகத் தோன்றும். அலையின் முகத்தை உள்ளபடி காண்பவர்கள் கரையில் நிற்கிறவர்கள்தான். அவர்கள் துணியைக் காட்டி, "பொறு" என்று சொன்னால் உயிர் தப்பும்.

கரையில் நின்றவன் நான். பொறு என்று நான் சொல்லவில்லை.

2015ஆம் ஆண்டு மார்கழி மாதம். வன்னியின் கிழக்குக் கரையில் ஒரு பங்கிலே அமலோற்பவ மாதாவின் திருநாள். குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன எனக்கு ஆர்வம் மிகுதி, பொறுமை கொஞ்சம். 6ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலே, "நாளை மாலை 5 மணிக்கு நற்கருணை விழா. அதற்குள் ஒரு படகு தவறாமற் கரைக்கு வந்துவிட வேண்டும். வராதவர்கள் மாதாவுக்குக் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான்" என்று சொன்னேன். கடைசி வசனத்தை எழுதி வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது, சொன்னேன்.

மறுநாள் வலை இழுக்கப் போன ஒரு 18 அடிப் படகு தாமதித்தது. அதிலே வயதான ஓட்டி, அவருடைய மருமகன், ஒரு பையன். வாய்க்கு வெளியே வந்தபோது மணி நாலரை. மழை வெள்ளம் களப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் நிறுத்தினார். "ஓட்டம் தணியட்டும்" என்றாராம். அந்த நேரம் பார்த்து முதலாம் மணி அடித்தது. அடிக்கச் சொன்னவன் நான். "சுவாமி மணி அடிச்சிட்டார், போவம்" என்று பையன் சொல்ல, பெரியவர் அணியத்தை உள்ளே திருப்பினார்.

மூவரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள், தேவனுக்குத் தோத்திரம். கவிழ்ந்த படகின் விளிம்பு அடித்துப் பெரியவரின் தொடையெலும்பு முறிந்தது. கடனுக்கு வாங்கி மூன்று மாதமேயான எஞ்சின் மணலுக்குள் போய்விட்டது. அடுத்தநாள் திருநாட் பூசை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன சொல்லுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவர் என்னை முந்திக்கொண்டார்: "குறை நினையாதையுங்கோ சுவாமி. விழாவுக்கு வர முடியாமற் போச்சு."

அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அப்போஸ்தலர் பணி 27ஆம் அதிகாரத்தை அன்றிரவு வாசித்தேன். செமினரியிலே பரீட்சைக்குப் படித்த அதிகாரந்தான். அலெக்சாந்திரியாக் கப்பல், 276 பேர், கோதுமைச் சரக்கு. காலம் பிந்திவிட்டது, புறப்பட வேண்டாம் என்கிறார் புனித சின்னப்பர். நூற்றுவர் தலைவனோ அவருடைய சொல்லைவிடக் கப்பலோட்டியின் சொல்லையும் கப்பற்காரனின் சொல்லையும் பெரிதாக எண்ணினான். பதினான்காம் இரவு கரை நெருங்குவதை மாலுமிகள் உணர்கிறார்கள். ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம். சற்றுத் தூரம் போய் மீண்டும் பார்க்கிறார்கள்: பதினைந்து பாகம். அப்போது அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். கரை கிட்டிவிட்டது என்று பாய் விரிக்கவில்லை. பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு விடியலுக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இருட்டிலே சின்னப்பர் எல்லாரையும் சாப்பிடச் சொல்லுகிறார். தாமே அப்பத்தை எடுத்து நன்றி கூறிப் பிட்டு உண்கிறார். விடிந்தபின் கப்பல் மணலிலே தட்டிப் பின்புறம் உடைந்தது உண்மை. ஆனால் ஓர் உயிராவது போகவில்லை. நீந்தியும் பலகைகளைப் பற்றிக்கொண்டும் எல்லாரும் மால்ற்றாக் கரை ஏறினார்கள். கரைக்கு மிகக் கிட்டிய இடத்திலே நங்கூரம் போட்டுக் காத்திருப்பது அவிசுவாசம் என்று அன்றுவரை நான் நினைத்திருந்தேன்.

வாசகரே, உங்களிற் பலர் படகு ஓட்டுவதில்லை. ஆனால் கரையில் நிற்காதவர் உங்களில் ஒருவருமில்லை.

இருபது வருடம் கோவில் வாசலை மிதிக்காத மனிதர் ஒருவர் ஒரு விபூதிப் புதனன்று வந்து, உள்ளே நுழையாமல், வேப்பமரத்தடியில் நிற்கிறார். வாய்க்கு வெளியே படகை நிறுத்தி அலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமோ, "என்ன, இன்றைக்குத்தான் வழி தெரிந்ததோ?" என்கிறோம். சுவாமியார் அவருடைய பெயரைக் கேட்குமுன்னே விவாகப் பதிவைக் கேட்கிறார். அடுத்த ஞாயிறு மரத்தடி வெறுமையாகக் கிடக்கிறது.

அல்லது, வீட்டாரின் சொல்லை மீறிக் கோவிலுக்குப் புறம்பே பதிவுத் திருமணம் செய்துகொண்டு போன மகள். மூன்று வருடத்துக்குப் பிறகு கைக்குழந்தையோடு படலையடியில் வந்து நிற்கிறாள். அந்த மூன்று வருடமும் அவள் பட்டது ஆழக்கடல். இப்போது அவள் நிற்பது திட்டின்மேல். தாய்க்கு அவளைக் கட்டிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த ஆசையோடு கூடவே உள்ளே மூன்று வருடமாகத் தேங்கிய சொல்லெல்லாம் ஒரே மூச்சிலே பாய்ந்து வருகிறது: அப்பாவின் வருத்தம், ஊரார் சிரித்தது, தங்கைக்குக் குழம்பிப்போன கலியாணம். ஒவ்வொன்றும் உண்மை. உண்மையான நீர்தான். அவளுக்கு எதிரே அலை மதிலாக நிற்பது அந்த நீராலேதான்.

திருச்சபையின் ஒழுங்கைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. திட்டு அங்கே இருக்கத்தான் செய்யும். அதைக் கடந்துதான் வரவேண்டும். பாவசங்கீர்த்தனமின்றி, விவாகம் சீராகாமல் நற்கருணை இல்லை. ஆனால் உள்ளோட்டத்தைச் சற்று அடக்கிவைக்க நம்மால் முடியும். அலையின் முகம் தெரிந்தவர்கள் நாம். "ஆறுதலாக வா, கதவு திறந்தே இருக்கும்" என்று துணி அசைக்க முடியும்.

அருளப்பர் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்திலே உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையிலே நிற்கிறார். அவரை மறுதலித்த இராயப்பரும், அவரை விட்டு ஓடிய மற்றவர்களும் இருநூறு முழத் தூரத்திலே படகில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதற்கு அவருக்கு நிறையக் கணக்கு உண்டு. அவர் கரியிலே நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார். இராயப்பரைக் கேட்க வேண்டியதைச் சாப்பிட்ட பிறகே கேட்டார்.

2016ஆம் ஆண்டுத் திருநாளுக்கு நான் வேறுவிதமாக அறிவித்தேன்: கடைசிப் படகு வந்து சேர்ந்தபின் நற்கருணை விழா ஆரம்பமாகும். அன்று கால் ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்த அந்தப் பெரியவர் கைத்தடியோடு ஆற்றுவாய் மணல்மேட்டிலே உட்கார்ந்து, தம் சால்வையைத் தூக்கிப் பிடித்து இரண்டு படகுகளை வெளியிலேயே நிறுத்தி வைத்தார். ஓட்டம் தணிய நேரமெடுத்தது. விழாவுக்குத் தலைமை தாங்க அயற்பங்கிலிருந்து வந்த குருவானவர் உடுப்பு மாட்டியபடி சங்கீர்த்தியில் இருந்துகொண்டு மூன்றுமுறை மணிக்கூட்டைப் பார்த்தார். முதலாம் மணி அடித்தபோது ஏழு மணி பத்து நிமிடம்.